கைமாறும் குழந்தை: தமிழ்ப் புனைகதையில் கூலி உழைப்பும் குழந்தைப் பராமரிப்பும்

பொருளீட்டும் பெண்ணைத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு சித்திரிக்கிறது என்பது பற்றிய ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் மிகுதியாக நிகழ்ந்துள்ளன. 'பணிபுரியும் மகளிரின் சிக்கல்கள்', 'பெண்ணின் இரட்டைச் சுமை' என்னும் தலைப்புகளில் அமைந்த அவ்வாய்வுகளின் நெறிமுறை ஏறத்தாழ ஒன்றே எனலாம். அலுவலகச் சுமை, இல்லச் சுமை என இரண்டாகப் பகுத்துக்கொண்டு, இரண்டிற்கும் கதைகளிலிருந்து சான்று காட்டி, கணவனும் உதவ முன்வர வேண்டும் என்னும் அறிவுரையோடு அவை நிறைவுறுகின்றன. இந்நெறிமுறையால் விளைந்த பயன் சிறிதன்று. எனினும், மிக எளிய வினா ஒன்றை அது எழுப்பாமலே விட்டுவிட்டது. தாய் வேலைக்குச் சென்றிருந்த எட்டு மணி நேரமும் குழந்தை யார் கையில் இருந்தது என்பதே அவ்வினா.

இவ்வினாவை முன்னிறுத்திப் புனைகதைகள் சிலவற்றை மறுவாசிப்புச் செய்வதும், 'இரட்டைச் சுமை' என்னும் கலைச்சொல்லின் போதாமையை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுமையும் கைமாற்றும்

'இரட்டைச் சுமை' என்னும் தொடர், ஒருவர் தலைமேல் இரு பொதிகள் ஏற்றப்பட்டிருப்பதான உருவகத்தைத் தன்னுள் கொண்டது. சமையல், துவைத்தல், நீர் கொணர்தல் ஆகிய பணிகளுக்கு இவ்வுருவகம் பொருந்தும். அவற்றை விடியலுக்கு முன்னரோ இரவு வேலை முடிந்த பின்னரோ செய்துகொள்ளலாம். உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு இரு சுமைகளையும் ஒருவரே சுமக்கலாம். கைக்குழந்தையின் நிலை வேறு. அதன் பசியை மாலைக்கு ஒத்திவைக்க இயலாது. பெற்றோர் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருந்தாக வேண்டிய கூலி உழைப்புக்குச் செல்லும்போது, குழந்தை மற்றொருவர் கைக்கு மாறியே தீர வேண்டும். ஆகவே பராமரிப்பைச் சுமையாக மட்டுமன்றிக் கைமாற்றாகவும் காண வேண்டியுள்ளது.

'கைமாற்று' என்னும் சொல்லுக்கு வழக்கில் ஒரு பொருள் உண்டு. எழுத்தும் ஈடும் வட்டியும் இன்றி அறிந்தவரிடம் பெறும் சிறுகடனை அது குறிக்கும். குழந்தையைப் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ அண்டை வீட்டாரிடமோ விட்டுச் செல்வதும் இத்தகையதே. அதற்குக் கணக்கில்லை, திருப்பித் தரும் நாளும் குறிக்கப்படுவதில்லை. கொடுத்தவர் தம் நேரத்தையும் கல்வியையும் ஓய்வையும் இழந்திருக்கலாம். அவ்விழப்பிற்குக் கைம்மாறு உண்டா என்பதைக் குடும்பம் பெரும்பாலும் கேட்பதில்லை. இலக்கியம் கேட்டிருக்கிறதா என்பதே திறனாய்வின் முன் உள்ள வினா.

செவிலி மரபு

குழந்தையை வளர்க்கும் கை வேறு, ஈன்ற கை வேறு என்னும் உண்மையைத் தமிழ்க் கவிதையியல் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. அகப்பொருள் மாந்தருள் நற்றாய், செவிலி ஆகிய இருவரையும் தனித்தனியே வைத்து, அவரவர்க்குரிய கூற்றுகளையும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. உடன்போக்கில் மகளைப் பிரிந்து வருந்துபவளாகவும், பின்னர் மகளது மனையறத்தைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளாகவும் செவிலி அமைகிறாள். வளர்த்தவளின் துயர்க்கும் பெருமிதத்திற்கும் கவிதையில் தனி இடம் தரப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. நற்றிணையின் 110ஆம் பாடலில் நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பாற்கலத்தோடு சிறுமியின் பின்னே ஓடித் தளர்கின்றனர். பராமரிப்பு உடலை அயரச் செய்யும் உழைப்பு என்பதைப் போதனார் அக்காட்சியில் பதிவுசெய்துள்ளார்.

ஆயினும் இம்மரபிலும் ஓர் இடைவெளி உள்ளது. தலைவியின் தோழி செவிலியின் மகளே என்பது தொல்காப்பியக் களவியல் தரும் செய்தி. அவ்வாறாயின் செவிலிக்கும் ஈன்ற மகள் ஒருத்தி இருந்தாள். தலைவியின் பின்னே பாற்கலத்தோடு செவிலி ஓடியபோது அம்மகளுக்குப் பாலூட்டியவர் யார் என்று இலக்கணம் கூறுவதில்லை. பாடல்களிலும் அது பொருளாவதில்லை. தலைவியின் உலகிற்குள் தோழி வந்து சேர்ந்த பின்னரே அவள் கவிதையின் மாந்தராகிறாள். பராமரிப்பவரின் குழந்தை கண்ணுக்குத் தெரியாமற் போகும் இந்நிலை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த புனைகதையிலும் தொடர்வதைக் காணலாம்.

ஏணையும் ஆலைச் சங்கும்

உழவுத்தொழிலைச் சார்ந்த வாழ்வில் வேலையிடமும் வளர்ப்பிடமும் முற்றிலும் பிரிந்திருக்கவில்லை. வரப்போர மரக்கிளையில் சேலையால் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு நாற்று நடும் வழக்கம் பரவலாக இருந்தது. நாட்டார் தாலாட்டு இவ்விருப்பில் வேரூன்றிய வடிவம். தாலாட்டில் மாமன் சீரும் குலப்பெருமையும் மிகுதியாகப் பேசப்படுவதை ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். அது பாடப்பட்ட நேரம் உழைப்புக்கு இடையே கிடைத்த நேரம் என்பது அதே அளவிற்குச் சுட்டப்படவில்லை. இவ்வாழ்வைப் பொற்காலமாகக் கொள்ளுதலும் தவறாகும். நிலவுடைமையாளரின் கண்காணிப்பில் கூலிப்பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கச் செல்லும் நேரமும் கணக்கிடப்பட்டது.

தோட்டமும் ஆலையும் அலுவலகமும் இந்நிலையை மாற்றின. குறித்த நேரத்திற்குச் சங்கு ஊதும் இடத்தில் ஏணைக்கு இடமில்லை. இம்மாற்றத்தைத் தமிழ் மொழியே பதிவுசெய்துள்ளது. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் 'பிள்ளைக்காம்பரா' எனவும் 'பிள்ளைமடுவம்' எனவும் வழங்கப்பட்டது. மலேசிய இரப்பர்த் தோட்டங்களில் அது 'ஆயாக்கொட்டகை' ஆயிற்று. இச்சொற்களை உருவாக்கியோர் அறிஞர் அல்லர். அதிகாலையில் குழந்தையைக் கைமாற்றிவிட்டு மலையேறிய உழைப்பாளரே அவற்றை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். 'குழந்தைகள் காப்பகம்' என்னும் பொதுச்சொல்லைப் பாடநூல்களில் கையாளும்போது, இச்சொற்களுக்குப் பின்னுள்ள வரலாறு மறக்கப்பட்டுவிடுகிறது.

விளிம்பில் நிற்கும் மகன்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைக் களமாகக் கொண்ட நாவல். ஜமுனா, சாயா என்னும் உடன்பிறந்தோர் இருவரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் ஜமுனாவை மையமிட்டே அமைந்துள்ளன. திரைத்துறையின் வஞ்சனைக்கு ஆட்பட்ட ஜமுனாவின் தளர்ச்சிக்கு எதிர்நிலையாக, அலுவலகப் பணியும் தெளிவும் கடுஞ்சொல்லும் உடைய சாயா காட்டப்படுவதாக அவை கொள்கின்றன.

சாயாவின் கணவர் இராணுவத்தில் பணியாற்றுபவர். அவள் மகன் அவளோடு இல்லை. மாமா வீட்டில் வளர்கிறான். நோயுற்ற தாயும் அவ்வீட்டிலேயே இருக்கிறாள். இச்செய்திகளை நாவல் விரித்துரைப்பதில்லை. போகிற போக்கில் உணர்த்திச் செல்கிறது. ஆனால் இவற்றை நினைவிற் கொண்டு வாசித்தால் சாயாவின் கடுமை வேறு பொருள் பெறுகிறது. ஒழுக்கம் பற்றிய கண்டிப்பாக மட்டுமே அதனைக் கொள்ள இயலாது. ஊதியத்திற்காக மகனை விட்டுப் பிரிந்திருப்பவள், தன் இழப்பு வீணாகிவிடக் கூடாது என்னும் பதற்றத்தில் பேசும் பேச்சாகவும் அது ஒலிக்கிறது. தமக்கையைப் பிரிந்து விடுதிக்குச் சென்ற பின்னரும் மகனை உடன் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. தனித்து வாழும் பெண்ணுக்கு நகரம் தரும் இடம், தாயாக வாழும் பெண்ணுக்கு உரிய இடமன்று.

இந்நாவலில் தண்ணீர் என்பது நேரமுமாகும். குழாயடியிலும் அடிகுழாயிலும் கழியும் நேரம், வேலைக்குச் செல்லும் பெண்களிடமிருந்து பறிக்கப்படும் நேரம். பள்ளியில் கற்பித்துவிட்டு வந்து, நோயாளிக் கணவரையும் மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் டீச்சரம்மாவின் வாழ்வில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எனினும் சாயாவின் மகனை நாள்தோறும் ஊட்டி, உடுத்தி வளர்ப்பவர் நாவலின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றனர். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை. கதை ஜமுனாவின் பார்வையை ஒட்டிச் செல்வதால் அவ்வாறு அமைந்தது. விளிம்பில் நிற்பவரை நோக்கும் கடமை திறனாய்வாளருக்கு உண்டு என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

பதினொரு வயதுச் செவிலி

நடுத்தர வர்க்கத்துச் சாயாவுக்கு மாமா வீடு இருந்தது. கூலித் தொழிலாளியான தாய்க்கு இருப்பவள் மூத்த மகள். பாமாவின் 'சங்கதி' (1994) இவ்வுண்மையைத் தமிழ்ப் புனைகதையில் நேரடியாகப் பேசிய நூல்களுள் முதன்மையானது. ஆண்பிள்ளைகள் விளையாடித் திரியும்போது பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து நிற்பதை அந்நூல் தொடக்கத்திலிருந்தே கவனப்படுத்துகிறது.

அதில் வரும் மைக்கண்ணி என்னும் சிறுமியின் வாழ்க்கை இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. தாய் பிள்ளைபெற்றுப் படுத்திருக்கும் காலத்தில் அவள் தீப்பெட்டி ஆலைக்குச் செல்கிறாள். அவளது கூலியில் வீடு நடக்கிறது. தாய் தேறிக் கூலி வேலைக்குத் திரும்பியதும், அவள் வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். கூலி உழைப்பு, பராமரிப்பு ஆகிய இரண்டிற்கும் இடையே ஒரு குடும்பம் காணும் சமநிலை இங்கு ஒரு சிறுமியின் உடலில் நிகழ்கிறது. தாயின் இடம் எதுவோ அதன் மறுபக்கத்தை நிரப்புபவளாக அவள் இருக்கிறாள். இதனைத் தாயின் இரட்டைச் சுமை என்று கூறினால் மைக்கண்ணி மறைந்துபோவாள். குழந்தைத் தொழிலாளர் சிக்கல் என்று மட்டும் கூறினால், அவள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஓய்வுக்காலம் போலத் தோன்றிவிடும்.

சட்டமும் இவ்வாறே பகுக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத்திற்கு உதவுவது விலக்காக வைக்கப்பட்டது. குடும்பத்திற்குள் நிகழும் உழைப்பு சட்டத்தின் கண்ணுக்கு உதவியாகவே தெரிகிறது. இராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக் குஞ்சுகள்' நாவலில் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட சிறாரைக் கள ஆய்வின் வழி எழுதினார். அவர் தொழிற்கூடத்தை நோக்கினார். பாமா தொழிற்கூடத்திற்கும் தொட்டிலுக்கும் இடையே ஒரே சிறுமி ஓடுவதை நோக்கினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர்க்கே முழுச்சித்திரம் புலப்படும்.

'சங்கதி'க்கு இது எவ்வாறு இயன்றது என்பதும் கருதத்தக்கது. அந்நூலுக்குத் தனித்தலைவி இல்லை. வெள்ளையம்மாக் கிழவி முதலான பெண்களின் பேச்சினூடாகவே அது நகர்கிறது. கூலிக்காக இலங்கைக்குச் சென்று திரும்பாத கணவனை எண்ணிக் காத்திராமல் இரு பெண்மக்களையும் வளர்த்தெடுத்தவள் அக்கிழவி. ஒருவரை நடுவில் நிறுத்திப் பிறரை ஓரத்தில் வைக்கும் நாவல் வடிவத்தைப் பாமா ஏற்கவில்லை. ஆகையால், வழக்கமாகத் துணைமாந்தராக ஒதுக்கப்படும் பராமரிப்பாளர்க்கு அவ்வடிவத்தில் பேச இடம் கிடைத்தது.

கதை முடியுமிடமும் வளர்ப்பு தொடங்குமிடமும்

ஜெயகாந்தனின் 'உன்னைப் போல் ஒருவன்' சென்னைச் சேரியில் வாழும் தங்கம் என்னும் சித்தாளையும் அவள் மகன் சிட்டியையும் பற்றியது. 1965இல் ஜெயகாந்தனே அதனைத் திரைப்படமாகவும் இயக்கினார். தாய்க்கும் மாணிக்கத்துக்கும் ஏற்பட்ட உறவை வெறுக்கும் சிறுவன், பெண்மகவை ஈன்று தாய் இறந்தபின் அம்மகவைத் தன்னுடையதாக ஏற்கிறான். மனிதநேயத்தின் வெற்றியாக இம்முடிவு போற்றப்பட்டு வந்துள்ளது. அப்போற்றுதல் தகுதியானதே. தமிழ்ப் புனைகதையில் குழந்தையை ஏந்தும் மூன்றாவது கை ஓர் ஆண்பிள்ளையின் கையாக அமைவது மிக அரிது.

ஆயினும் ஏற்பு நிகழும் கணத்தில் கதை நின்றுவிடுகிறது. தெருவில் பொருள் விற்றுப் பிழைக்கும் ஒரு சிறுவன் மறுநாள் விற்கச் செல்லும்போது பச்சிளங்குழந்தையை எங்கே கிடத்துவான்? அக்கம்பக்கத்துக் குடிசைப் பெண்களிடமே அது கைமாறும் என்பது வாசகர் உய்த்துணர வேண்டியதாகிறது. ஏற்றுக்கொள்ளுதல் ஒரு கணத்தின் அறம். வளர்த்தல் பல ஆண்டுகளின் உழைப்பு. நம் புனைகதை முன்னதைக் காவியமாக்கும் ஆற்றல் மிக்கது. பின்னதன் அன்றாடத்தைக் கதைப்பொருளாக்கத் தயங்குவது. கட்டடத் தொழிலாளர் வாழ்வைப் பேசும் திலகவதியின் 'கல்மரம்' (சாகித்திய அகாதெமி விருது, 2005) போன்ற பிற்கால நாவல்களையும் இவ்வளவுகோல் கொண்டு வாசித்தல் பயன் தரும்.

தந்தையின் இடம்

இதுகாறும் கண்ட கதைகளில் தந்தை தொலைவில் இருக்கிறான். விட்டுச் சென்றவனாக இருக்கிறான். அல்லது கதையின் கணக்கிலேயே இல்லை. பராமரிக்கும் ஆணைக் கற்பனை செய்ய இயலாத இலக்கியம் தமிழ் இலக்கியம் என்று முடிவுசெய்தல் பொருந்தாது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' அதற்கு மறுப்பாக நிற்கிறது. சென்னை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்காகச் சமைக்கிறார், பணிவிடை செய்கிறார், பின் கடைக்கு நடக்கிறார். கூலி வேலைக்கும் பராமரிப்புக்கும் இடையே தேய்ந்துபோகும் மனிதரை உணர்ச்சிப் பெருக்கின்றி வரைந்த அக்கதைக்கு இணையாகச் சிலவே உள்ளன.

ஆனால் அங்குப் பராமரிப்புக்கு உரியவள் நோயுற்ற மனைவி. நோய் என்பது விதிவிலக்கான நிலை. அதில் ஆண் பராமரிப்பாளனாவது இரக்கத்திற்குரிய நிகழ்வாகிறது. நாள்தோறும் குழந்தையை ஊட்டி, கழுவி, உறங்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடும் தந்தை அந்த அளவு கலைச்செறிவோடு எழுதப்படவில்லை. அரசின் விதிகளும் இவ்வேறுபாட்டைப் பிரதிபலித்தன. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 1997இல் வழங்கப்பட்டது 15 நாள் விடுப்பு. 2008இல் தாய்க்கு வழங்கப்பட்ட குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள். பெண்ணுக்கு அது பெரும்பேறே. அதே வேளையில், பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பதையும் அவ்வெண்கள் சொல்லாமற் சொல்லின.

எண்ணிக்கையும் எழுத்தும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைகள் காப்பகத்தைப் பெண் தொழிலாளர் எண்ணிக்கையோடு இணைத்தது. முதலில் ஐம்பதுக்கு மேல் என இருந்த வரம்பு 1976இல் முப்பதுக்கு மேல் எனக் குறைக்கப்பட்டது. 2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது விடுப்பு முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியருள்ள நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றும் ஆயிற்று. இங்கு ஆணும் எண்ணிக்கையில் சேர்ந்தான். எனினும் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகம் சென்று குழந்தையைக் காணும் உரிமை பெண்ணுக்கே கூறப்பட்டது. கணக்கில் வந்த தந்தை காப்பகத்திற்குள் வரவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும், பராமரிப்பில் ஈடுபட்டோருள் பெண்கள் 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. இக்கணக்கெடுப்பு ஆறு வயது முதற்கொண்டு அனைவரையும் உள்ளடக்கியது என்பதே இங்கு மிக முக்கியம். மைக்கண்ணியின் வயதினரும் அதில் எண்ணப்பட்டனர். புள்ளியியல் 2019இல் எண்ணியதை 'சங்கதி' கால் நூற்றாண்டுக்கு முன்னரே பெயரும் முகமும் தந்து எழுதியிருந்தது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி, குழந்தை வளர்ப்பும் கூலி உழைப்பும் பற்றிய பிரதிகளை அணுக மூன்று வினாக்களை முன்வைக்கலாம். பெற்றோர் வேலைக்குச் சென்ற நேரத்தில் குழந்தை யார் கையில் இருந்தது? அக்கைக்குரியவர் அதனால் இழந்தது என்ன? அவ்விழப்பைப் பிரதியின் வடிவமும் மொழியும் அறிந்துள்ளனவா? இவற்றைக் கேட்கும்போது சாயாவின் கடுஞ்சொல் துயரமாகக் கேட்கிறது. சிட்டியின் பெருந்தன்மைக்குப் பின்னால் பெயரற்ற அண்டைப் பெண்கள் தெரிகின்றனர். மைக்கண்ணி துணைமாந்தர் நிலையிலிருந்து மையத்திற்கு வருகிறாள்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழருக்கு இவ்வினாக்கள் மேலும் நெருக்கமானவை. தில்லி ஜங்புராவை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் குடியிருப்பு 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் அண்மைக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். தகுதியுடையோராக ஏற்கப்பட்டவர்க்கு மாற்று வீடு நகரின் வடகோடியான நரேலாவில் ஒதுக்கப்பட்டது. வேலை செய்யும் வீட்டிற்கும் தன் குழந்தை இருக்கும் வீட்டிற்கும் இடையே நடந்து கடக்கும் தூரம் இருந்தவரை நிலவிய சமநிலை, அத்தூரம் பெருகியதும் குலைந்துபோவது இயல்பு. பிறர் குழந்தையை ஏந்தும் இப்பெண்களின் குழந்தைகள் யார் கையில் வளர்கின்றனர் என்பதைப் பேசும் எழுத்துகளைத் தேடித் தொகுப்பதும், எழுதப்படாதவற்றை வாய்மொழி வரலாறாகப் பதிவதும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். செவிலிக்குக் கூற்று வகுத்த மரபு, செவிலியின் மகளுடைய இளமைக்கும் கூற்று வகுக்க வேண்டிய காலம் இது.